சொந்தக்காரர்கள் வெளியே

போன வார அத்தியாயத்தில் நாம் இந்த வீட்டை விட்டுக் கிளம்பியபோது, பெரியவள் கையில் துவைத்த துணியோடு மொட்டைமாடிப் படியில் நின்றுகொண்டிருந்தாள். மேலே தம்பி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். "எங்க வீட்டுல யாரும் அக்காவைப் பத்தி வாயே திறக்க மாட்டாங்க. நீங்க வந்தாத்தான் நடக்கும்." அவ்வளவுதான் அவள் காதில் விழுந்தது. அவன் இறங்கி வரும் சத்தம் கேட்டதும் துணியோடு துணியாகச் சமையலறைக்குள் நழுவிவிட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் அன்று இரவே வீடு இரண்டுபட்டிருக்கும். பெரியவள் அந்த ரகம் இல்லை. அவளுக்குக் கோபம் வருவதற்கு முன்னால் ஆராய்ச்சி வந்துவிடும். தம்பி அப்படி என்ன நடக்க வேண்டும் என்கிறான், யாரை வரச் சொல்கிறான் என்று மண்டையைக் குடைந்துகொண்டே ஒரு வாரத்தை ஓட்டிவிட்டாள்.

இன்று காலை அவன் அலுவலகத்துக்குக் கிளம்பாமல் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, லீவா?"

"கூட்டம் இருக்கே அக்கா."

"கூட்டத்துக்கு நீ என்னிக்குடா லீவு போட்டே? வந்து, ரெண்டு பிஸ்கட் தின்னுட்டு, கையெழுத்து போட்டுட்டு ஓடற ஆளாச்சே."

"இன்னிக்கு நல்ல பிஸ்கட்டுன்னு கேள்விப்பட்டேன்."

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் கையை நுழைத்தபடி குறுக்கே புகுந்தார். "எதுக்கு லீவெல்லாம்? உங்க அக்காவை மறுபடியும் பொறுப்புல போடணும். அஞ்சு நிமிஷ வேலை."

தம்பி டீ டம்ளரையே பார்த்தான். பெரியவள் தம்பியைப் பார்த்தாள். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, எல்லாரையும் பார்த்துவிட்டு, "சாப்பிட்டுக் கிளம்புங்க, நேரமாச்சு" என்றாள். அந்த வீட்டில் எந்தப் பேச்சும் அவளுடைய அந்த வாக்கியத்தோடு முடிந்துவிடும்.

புதிதாக வந்து சேர்ந்த வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இவர்கள் நடத்துவது ஓர் இரவல் சங்கம். வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்குச் சக்கர நாற்காலி, கட்டில், ஊன்றி நடக்கும் சட்டம் எல்லாம் காசு வாங்காமல் கொடுப்பார்கள். தேவை தீர்ந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அம்மா படுத்த படுக்கையாக இருந்த காலத்தில் வாங்கிய ஒரு கட்டிலையும் ஒரு நாற்காலியையும் வைத்து, அவள் போன பிறகு அப்பா தன்னுடைய டயர் கடையிலேயே இதை ஆரம்பித்தார். இப்போது டயர் இல்லை. கீழே பட்டறை, மாடியில் அலுவலகம்.

சங்கத்துக்கு ஒரு நிர்வாகக் குழு உண்டு. அப்பா தலைவர். அத்தை செயலாளர், சங்கத்தின் போனும் அவளிடம்தான். தம்பி பொருளாளர். அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஓர் உறுப்பினர். பெரியவள் குழுவில் இல்லை, அவள் சம்பளம் வாங்கும் நிர்வாகி. அவளுடைய பொறுப்புக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்றைக்குக் குழு சரி என்றால் வேலை உண்டு. இல்லையென்றால் இல்லை.

'இல்லையென்றால்' என்பதை அந்த வீட்டில் யாரும் யோசித்ததே கிடையாது. குழுவில் ஒரு தடவைகூட ஓட்டு எடுத்ததில்லை. அப்பா பேசுவார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடிப்பார், அது தீர்மானம் ஆகிவிடும்.

*

பெரியவள் பட்டறைக்குள் நுழைந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு நாற்காலியில் தானே உட்கார்ந்து, பிரேக்கைப் போட்டும் எடுத்தும் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஸ்பேனரோடு பக்கத்தில் பவ்யமாக நின்றான்.

"நான் அறக்கட்டளையிலேருந்து வரேங்க" என்றார்.

புது நாற்காலி வாங்குவதும் மெக்கானிக்குக்குச் சம்பளம் தருவதும் அந்த அறக்கட்டளையின் பணத்தில்தான். அங்கிருந்து ஆள் வரப்போவதாக யாரும் சொல்லவில்லை. தம்பி யாரை வரச் சொன்னான் என்ற ஆராய்ச்சி அந்த நிமிஷமே முடிந்தது. ஏன் என்பதுதான் பாக்கி.

"கூட்டத்துல உட்கார்ந்து பார்க்கலாம்னு வந்தேன். எனக்கு ஓட்டெல்லாம் கிடையாது. பயப்படாதீங்க" என்று சிரித்தார் பெண்மணி. பிறகு சுவரோரமாக மடித்துச் சாய்த்திருந்த நாற்காலிகளைக் காட்டினார். "இதெல்லாம் ஏன் சும்மா கிடக்கு?"

"அது குறுகல் நாற்காலிங்க. யாரும் கேக்கறதில்லை. வேற சங்கத்துக்குக் கொடுத்துடலாம்னு இருக்கேன்."

"ஓகோ. போன மாசம் எத்தனை புகார் வந்தது?"

இந்தக் கேள்விக்குப் பெரியவள் காத்துக்கொண்டிருந்தாள் என்றே சொல்லலாம். முகமெல்லாம் மலர்ச்சி. "புகாரே கிடையாதுங்க."

"போன மாசமா?"

"எந்த மாசமும் இல்லை. வர்ற போன் எல்லாம் நன்றி சொல்லத்தான். எங்க அத்தை தினமும் சாயங்காலம் எனக்கு ஒவ்வொண்ணா சொல்வாங்க."

பெண்மணி நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார். "மனுஷங்க நடத்தற இடம்தானே இது?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். அதுதான் பெரியவளை என்னவோ செய்தது. மாடிப்படி ஏறும் வரைக்கும் அவள் அதையே நினைத்துக்கொண்டு போனாள்.

*

கூட்டம் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. பிஸ்கட் வந்தது, டீ வந்தது. அப்பா விருந்தாளியை வரவேற்றுப் பேசினார். டாக்டர் வழக்கம்போல் பாதிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடுத்தது, நிர்வாகி நியமனம்" என்றார் அப்பா. "அதுல பேச என்ன இருக்கு..." என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றப் போனார்.

"ஒரு நிமிஷங்க" என்றார் பெண்மணி. "உங்க விதியிலே ஒண்ணு இருக்கு. யாரைப் பத்தித் தீர்மானமோ, அவங்களும் அவங்க சொந்தக்காரங்களும் அப்போ அறையிலே இருக்கக் கூடாது."

"எங்க விதியிலயா?"

"உங்க விதியிலதான். கீழே உங்க கையெழுத்து இருக்கு."

அப்பா தலையைச் சொறிந்தார். "அது ஆரம்பத்துல இன்னொரு சங்கத்தோட விதியை வாங்கி அப்படியே போட்டது. படிக்க நல்லா கனமா இருந்ததுன்னு..."

"நல்ல விதிங்க. ஏன் விடணும்?"

பெரியவள்தான் முதலில் எழுந்தாள். அவளைப் பற்றிய விஷயமாயிற்றே. அவள் பின்னாலேயே தம்பியும் எழுந்தான். அத்தை, "நான் எதுக்குப் போகணும்?" என்று அண்ணனைப் பார்த்தாள். "நீ அவளுக்கு அத்தை இல்லாம பக்கத்து வீட்டுக்காரியா?" என்றார் அப்பா எரிச்சலாக. அத்தை போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அப்புறம்தான் அப்பாவுக்கு உறைத்தது.

"நானுமா?"

"நீங்க அப்பாவாச்சே" என்றார் பெண்மணி.

மிச்சம் டாக்டர் ஒருவர். எல்லாரும் நிம்மதியாக அவரைப் பார்த்தார்கள். டாக்டர் முழுக் கண்ணையும் திறந்து, தொண்டையைச் செருமினார். "நான் இன்னும் சொந்தம் ஆகலைதான். ஆனா எங்க பொண்ணை இவங்க வீட்டுச் சின்னவனுக்குப் பேசி முடிச்சாச்சு. சம்பந்தி ஆகப்போற வீட்டுப் பொண்ணைப் பத்தி நான் என்னத்தைச் சொல்ல?" என்று அவரும் எழுந்துவிட்டார்.

அறையில் குழுவுக்கான ஐந்து நாற்காலியும் காலி. பெண்மணி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நீங்க நாலு பேர். இந்த அஞ்சாவது நாற்காலி யாருதுங்க?"

"நம்மகிட்ட இரவல் வாங்கறவங்கள்ல ஒருத்தரைப் போடணும்னு வச்சது" என்றார் வாசலில் நின்ற அப்பா. "சரியான ஆள் அமையலை."

"இதுவரைக்கும் எத்தனை பேர் வாங்கியிருப்பாங்க?"

"ஆயிரத்துக்கு மேல இருக்கும்" என்றார் அப்பா பெருமையாக.

"ஆயிரம் பேர்ல ஒருத்தர்கூடவா அமையலை? அப்போ இந்தத் தீர்மானத்தை யார் போடறது?"

அப்பா தானே கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

*

மாடி நடையில் ஒரு நீளமான பெஞ்சு உண்டு. சாமான் வாங்க வருகிறவர்கள் காத்திருப்பதற்காகப் போட்டது. அதில் சங்கத்தின் மொத்த நிர்வாகக் குழுவும் வரிசையாக உட்கார்ந்தது. ஒரு கடைசியில் அத்தை, அப்புறம் டாக்டர், அப்பா, தம்பி, மறுகடைசியில் பெரியவள். வந்த சிரிப்பை டாக்டர் இருமலாக மாற்றிக்கொண்டார்.

"என் சங்கம். என் கட்டடம். நான் வெளியே" என்றார் அப்பா, குறிப்பாக யாரிடமும் இல்லை.

பெரியவள் தம்பியின் பக்கம் குனிந்தாள். "நீதானே கூப்பிட்டே?"

அவன் திடுக்கிட்டான். "உனக்கு எப்படி..."

"மொட்டைமாடியிலே நின்னுக்கிட்டு ஊருக்கே கேக்கற மாதிரி பேசினா? ஏண்டா கூப்பிட்டே? என்னைத் தூக்கணுமா?"

"ஐயோ அக்கா." அவன் குரல் இறங்கிவிட்டது. "எங்க ஆபீஸ்ல வருஷா வருஷம் என்னைக் கூப்பிட்டு உட்கார வச்சு, இது நல்லா செஞ்சே, இது சொதப்பிட்டேன்னு சொல்வாங்க. வயிறு எரியும். ஆனா அடுத்த வருஷம் நான் கொஞ்சம் தேறியிருப்பேன். உனக்கு யார் சொல்றா? அப்பா சொல்வாரா? நான் சொன்னா வீட்டுல சோறு இறங்குமா? நீ நல்லா செய்யறியா இல்லையான்னு எனக்கே தெரியாது. அதான் கேட்டேன்."

அவனை நாலு வார்த்தை திட்டத்தான் பெரியவள் வாயைத் திறந்தாள். திட்டு வரவில்லை. நான் நல்லா செய்யறேனா என்ற கேள்வி எத்தனையோ நாளாக அவளுக்கே உள்ளுக்குள் இருந்ததுதான். அப்பா பெண் என்பதால் இந்த நாற்காலியா, வேலை தெரிந்ததால் இந்த நாற்காலியா? அதை வாய்விட்டுக் கேட்க அவளுக்கு ஆளில்லை. தம்பியின் மேல் ஒரு பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "நல்ல வேளைக்குக் கூப்பிட்டேடா, என் வேலை போகப்போற மாசமா பார்த்து" என்றாள்.

அப்போதுதான் படியேறி ஒரு பெண் வந்தாள். கழுத்தில் தையல்காரர்கள் போடும் அளவு நாடா. அவசரத்தில் அதைக் கழற்ற மறந்துவிட்டாள் போலிருக்கிறது. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு, பெரியவளுக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்களும் நாற்காலிக்கா?"

அப்பா வாயைத் திறந்தார். பெரியவள் அவரை ஒரு பார்வையில் அடக்கினாள்.

"காத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள். அது பொய்யும் இல்லை. "உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஏற்கெனவே கொடுத்திருக்காங்க. குறை சொல்லக் கூடாது, நல்ல நாற்காலி. எங்க வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்கறவர். சாரத்துலேருந்து விழுந்துட்டாரு. நாற்காலி வீடெல்லாம் ஓடுது, பாத்ரூம் கதவுல மட்டும் நுழைய மாட்டேங்குது. வாசல்ல நிறுத்திட்டு, நான்தான் அவரைக் கட்டிப் பிடிச்சுத் தூக்கி உள்ளே கொண்டுபோகணும். என் இடுப்பு விட்டுப் போச்சு. மிஷின்ல உட்கார முடியலை."

பெரியவளுக்குக் கீழே சுவரோரம் சாய்ந்திருந்த நாற்காலிகள் கண்முன் வந்தன. 'யாரும் கேக்கறதில்லை' என்று சற்று முன் சொன்ன தன் குரலும் கேட்டது.

"குறுகலா ஒண்ணு கேக்க வேண்டியதுதானே?"

"கேக்காமலா இருப்பேன்? எத்தனையோ தடவை போன் பண்ணிட்டேன். போன்ல ஒரு அம்மா பேசுவாங்க. என்ன இனிமையான குரல் தெரியுமா! சாப்பிட்டியாம்மான்னுதான் முதல்ல கேப்பாங்க. மேடத்துகிட்ட சொல்றேன் கண்ணு, கொஞ்சம் பொறுத்துக்கோன்னு சொல்வாங்க. போனை வைக்கறப்போ நமக்கே மனசு லேசாயிடும். அப்புறம் பாத்ரூம் வாசல்ல வந்து நின்னாத்தான் ஒண்ணும் நடக்கலைன்னு ஞாபகம் வரும்."

பெஞ்சின் மறுகடைசியில் அத்தை போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"உங்களுக்கு மட்டும்தான் இப்படியா?" பெரியவளின் குரல் எப்படியோ நிதானமாகவே வந்தது.

"எங்க தெருவுல இன்னொருத்தருக்கும் கட்டில் கிரீச்சு கிரீச்சுன்னு ராத்திரி தூங்க விடலையாம். அவருக்கும் இதே அம்மாதான். அவங்க மேல கோபமே வராது. அந்த மேடம்தான் கல்லு மாதிரி இருக்காங்க போல."

தம்பி முழங்காலைப் பார்த்தான். அப்பா மெல்ல, மிக மெல்ல, தங்கையின் பக்கம் திரும்பினார்.

பெரியவள் எழுந்து பெஞ்சின் மறுகடைசிக்குப் போய் அத்தை முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"அத்தே?"

அத்தை அவள் கன்னத்தைத் தொட்டாள். "ஆரம்பத்துல ஒருத்தன் போன்ல உன்னைக் கன்னாபின்னான்னு திட்டினானே, ஞாபகம் இருக்கா? நீ சோறு தண்ணி இல்லாம அழுதுகிட்டே கிடந்தே. தாயில்லாப் பொண்ணு. இனிமே ஒரு கெட்ட வார்த்தைகூட இவ காதுக்குப் போகக் கூடாதுன்னு அன்னிக்கு நினைச்சேன். நல்லதை மட்டும்தான் உன்கிட்ட சொன்னேன். அதெல்லாம் பொய் இல்லடி மருமகளே. நன்றி சொன்னவங்களும் நிஜமாத்தான் சொன்னாங்க."

இத்தனை வருஷமாகச் சாயங்காலம் டீயோடு சேர்த்து வந்த அத்தனை நன்றியும் பெரியவளுக்கு நினைவு வந்தது. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அத்தையைக் கட்டிக்கொள்ளவா, உலுக்கவா என்று தெரியவில்லை. எத்தனை பாத்ரூம் வாசல்கள், எத்தனை இடுப்புகள் என்று மனம் அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போயிற்று.

தையல்காரப் பெண் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துத் திருதிருவென்று விழித்தாள். பெரியவள் அவளிடம் திரும்பி வந்தாள்.

"நான்தாங்க அந்த மேடம்."

"ஐயையோ!" அவள் துள்ளி எழுந்தாள்.

"உட்காருங்க. உள்ளே ஒருத்தங்க இருக்காங்க. எங்க வீட்டு ஆள் இல்லை. இப்போ என்கிட்ட சொன்னதை ஒரு வார்த்தை விடாம அவங்ககிட்ட சொல்வீங்களா?"

அவள் தயங்கினாள். அளவு நாடாவைக் கழற்றி விரலில் சுற்றினாள். "சொன்னா, இருக்கற நாற்காலியையும் திருப்பி வாங்கிடுவீங்களா?"

இந்த ஒரு கேள்விதான் அப்பாவை ஆட்டிவிட்டது. "அப்படியெல்லாம் நாங்க..." என்று ஆரம்பித்தவர், ஆயிரம் பேரில் ஒருவர்கூட ஏன் நேரில் வந்து குறை சொல்லவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று புரிந்தவராகப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"டேய்" என்றாள் பெரியவள் தம்பியிடம். "கீழே போய் ஒரு குறுகல் நாற்காலியை நம்ம வண்டியிலே ஏத்தச் சொல்லு. இவங்க உள்ளே போறதுக்கு முன்னாடியே ஏறணும்."

தம்பி இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினான். ஜன்னல் வழியாகப் பார்த்து, நாற்காலி ஏறியதைக் கண்ணால் கண்ட பிறகுதான் தையல்காரப் பெண் கதவைத் தட்டினாள். உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

கதவில் பதித்திருந்த கண்ணாடி வழியாக அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. அந்த ஐந்தாவது நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"என்னத்தைச் சொல்றா?" என்றார் அப்பா.

"தெரியலைப்பா."

"உன் வேலை இருக்குமா?"

"அதுவும் தெரியலை" என்றாள் பெரியவள். தெரியவில்லை என்று சொல்வது பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அந்தப் பயத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் நின்றது.

கதவு திறந்தது. பெண்மணி தலையை மட்டும் நீட்டினார். முகத்தில் காலையில் இருந்த சிரிப்பு இல்லை.

"போன்ல பேசற அம்மா யாருங்க? அவங்க கொஞ்சம் உள்ளே வரணும்."

அத்தை எழுந்தாள். எழுந்த வேகத்தில் தடுமாறி, மருமகளின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றும், அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றும் பெரியவளைப் பிடித்திருந்த கை.

"நீயும் வாடி கண்ணு. நீ பக்கத்துல நின்னா போதும், நான் சமாளிச்சுக்குவேன்."

பெரியவளின் கால் தானாக ஓரடி எடுத்து வைத்தது. கதவோரம் பெண்மணி காத்திருந்தார். உள்ளே தையல்காரப் பெண் நாற்காலியில் பாதி திரும்பி, இவள் வருவாளா மாட்டாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் நின்றாள். அத்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

"வர முடியாது அத்தே."

"ஏன்டி?"

"நான் உங்களுக்குச் சொந்தமாச்சே."

அத்தை அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சங்கத்தின் போனை மருமகளின் கையில் வைத்துவிட்டு, தனியாக உள்ளே போனாள்.

கதவு முழுதாகச் சாத்துவதற்குள் பெரியவளின் கையில் போன் அடிக்க ஆரம்பித்தது.